அட்வெஞ்சர் பைக் டயரில் எவ்வளவு காற்று? தாரிலும், தாரை விட்டு இறங்கிய பிறகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிமாலயன் 411, ஹிமாலயன் 450, எக்ஸ்பல்ஸ் 200, கேடிஎம் 390 அட்வெஞ்சர் என்று நம் சாலைகளில் அதிகம் தென்படும் அட்வெஞ்சர் பைக்குகளை மனதில் வைத்து எழுதியது இது. அளவுகள் எல்லாம் பங்க்கில் புழங்கும் பி.எஸ்.ஐ. கணக்கில் இருக்கின்றன, பார் கணக்கு வேண்டுமென்றால் 14.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லா எண்ணும் ஆறிய டயருக்கு உரியது. வண்டி நிழலில் மூன்று மணி நேரமாவது நின்றிருந்தால்தான் டயர் ஆறியதாகக் கணக்கு.

டயரின் பக்கவாட்டில் ஓர் எண் அச்சிட்டிருக்கிறதே, அதையே அடித்தால் என்ன?

கூடாது. அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச எடையை ஏற்றும்போது வேண்டிய அழுத்தம் அது. உங்கள் வண்டிக்கு உரிய எண் ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) செயின் கவரிலோ ஒட்டிய ஸ்டிக்கரிலும், ஓனர் மேனுவலிலும் இருக்கும். டயர் செய்தவருக்கு உங்கள் வண்டியின் எடை தெரியாது, வண்டி செய்தவருக்குத் தெரியும்.

பக்கவாட்டில் படிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. முன் டயரில் 90/90-21 என்பதை அடுத்து 54 என்று இருந்தால், அந்த டயர் தாங்கும் எடை 212 கிலோ. பின் டயரில் 140/80-17-ஐ அடுத்து 69 என்றால் 325 கிலோ. கூடவே ஓர் எழுத்து இருக்கும்: எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., எச் என்றால் 210. இந்த எடையும் வேகமும் முழுக் காற்று இருக்கும்போது மட்டுமே செல்லும். காற்றை இறக்கும்போது டயர் தாங்கும் எடையையும் ஓடக்கூடிய வேகத்தையும் சேர்த்தே இறக்குகிறீர்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கின்றன.

தார் சாலையில் தனியாகப் போவதற்கும், ஆளும் பெட்டியும் ஏற்றிப் போவதற்கும் எவ்வளவு வித்தியாசம்?

ஏற்றும் எடை பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் உட்காரும். பின்னால் ஓர் ஆள், இரு பக்கமும் பெட்டி என்றால் பின் டயருக்கு 3 முதல் 5 பி.எஸ்.ஐ. கூட வேண்டும், முன் டயருக்கு ஒன்றிரண்டு, அல்லது ஒன்றுமே வேண்டாம். பல மேனுவல்கள் இரண்டு நிலைக்கும் தனித்தனி எண் தருகின்றன. அப்படி இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் போன்ற 250 கிலோ வண்டிக்கு முன்னால் 36, பின்னால் 42. அந்த எண்ணை எங்கோ படித்துவிட்டு 160 கிலோ எக்ஸ்பல்ஸில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டி கல்லுருண்டை மேல் ஓடுவதுபோலத் துள்ளும், பிரேக் பிடித்தால் வழுக்கும்.

மண் சாலையில் காற்றை ஏன் இறக்க வேண்டும்? அப்படியே ஓட்டினால் என்ன கெடும்?

முழுக் காற்றோடு இருக்கும் டயர் சரளைக் கல்லின் மேல் ஏறி இறங்கும். காற்று குறைந்த டயர் அந்தக் கல்லைச் சுற்றி மடங்கிக்கொள்ளும். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் டயர் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தரையை விடுகிறது; அந்த நேரத்தில் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. இறக்கியதும் டயர் தரையைத் தொடும் பரப்பு அதிகமாகிறது. அகலத்தைவிட நீளவாக்கில்தான் அது பெருகுகிறது. அதனால்தான் மணலில் டயர் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு இறங்காமல் மேலே மிதக்கிறது.

இறக்குவதற்கு ஒரு விலை உண்டு. டயருக்குள் காற்று குறையக் குறைய ரிம் தரைக்கு அருகில் வருகிறது. எவ்வளவு இறக்கலாம் என்று யோசிக்கும்போது பலர் பிடிப்பை நினைக்கிறார்கள், ரிம்மை நினைப்பதில்லை. பிடிப்பைப் பார்த்தால் இன்னும் இறக்கலாம் என்றுதான் தோன்றும். நிறுத்தச் சொல்வது ரிம்.

சரி, எந்தத் தரைக்கு எவ்வளவு?

200 கிலோ வண்டி, 75 கிலோ ஓட்டுநர், பின்னால் 15 கிலோ பை என்று வைத்துக்கொண்டால், இங்கிருந்து தொடங்கலாம்:

கெட்டிப்பட்ட மண் சாலை, மெல்லிய சரளை: முன் 24–25, பின் 27–28.
தலையளவு கற்கள், பாறைத் தடம்: முன் 26–28, பின் 28–30.
ஈரச் சேறு: முன் 20–22, பின் 22–24.
ஆழமான மணல்: முன் 16–18, பின் 18. (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ‘ரிம் லாக்’ இல்லாவிட்டால் எந்த வண்டியிலும் 18-க்குக் கீழே போக வேண்டாம்.)

160 கிலோ அளவிலுள்ள வண்டி என்றால் ஒவ்வொன்றிலும் 2 குறையுங்கள். 250 கிலோ வண்டி என்றால் 3 அல்லது 4 கூட்டுங்கள். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மணலில் இறங்க வேண்டாம்; ஆளை இறக்கி நடக்கவிடுங்கள். இவை கம்பெனி எண்கள் அல்ல, பழக்கத்தில் நின்ற எண்கள். உங்கள் மேனுவலே முன் டயருக்கு 25 என்று சொன்னால், சரளைக்காக முன்னால் எதையும் தொட வேண்டாம்.

ஒரே தடவையில் இறக்காதீர்கள். 3 இறக்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஹேண்டில் கையில் அடிப்பது குறைந்து, முன் சக்கரம் நினைத்த தடத்தில் நின்றால் அது போதும். பெரிய கல்லில் ஏறும்போது ‘டங்’ என்று ரிம் சத்தம் கேட்டால் 3 கூட்ட வேண்டும். அந்தச் சத்தம் ஒரு முறை கேட்டாலே நிறுத்தி ரிம் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும்.

பாறைக்கு ஏன் சரளையைவிட அதிகக் காற்று? இன்னும் இறக்கினால்தானே பிடிப்பு கூடும்?

பிடிப்பு கூடும், ஆனால் ரிம் போய்விடும். மணாலியிலிருந்து ஸ்பித்திக்குப் போகும் வழியில் கிராம்பூ, சத்ரு, படால் வரையிலான தடம் இதற்கு நல்ல உதாரணம். ஓடைகள் உருட்டிக்கொண்டு வந்த கற்கள் பாதை முழுதும் கிடக்கும். அங்கே 40 கி.மீ. வேகத்தில் விளிம்பு கூரான கல்லில் முன் சக்கரம் மோதினால், டயர் ரிம் வரை நசுங்கி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் கடிபடும். பஞ்சர் போட டியூபை வெளியே எடுத்துப் பார்த்தால் அருகருகே இரண்டு வெட்டுகள், பாம்புப் பல் பதிந்ததுபோல இருக்கும். ஆணியே இல்லாமல் பஞ்சர் ஆனது ஏன் என்று குழம்பத் தேவையில்லை. அந்த இரட்டை வெட்டைக் கண்டால் காரணம் காற்றுக் குறைவு அல்லது வேகம், பெரும்பாலும் இரண்டும்தான். பஞ்சர் ஒட்டியபின் 3 பி.எஸ்.ஐ. கூட்டி அடியுங்கள். பழைய அளவையே அடித்தால் அடுத்த கல்லிலும் அதே கதைதான்.

டியூப்லெஸ் டயருக்குக் கடிபட டியூப் இல்லை. அங்கே அடி நேராக ரிம்மில் விழும். விளிம்பு வளைந்தால் காற்று அங்கே மெல்லக் கசியும். அலாய் வீல் என்றால் விரிசலே விடலாம். ஸ்போக்ஸ் வீல் வளைந்தாலும் ஊர் வந்து சேரலாம்.

பாறைத் தடம் முடிந்த அன்று மாலை ஸ்போக்ஸைத் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் வரிசையாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி ‘டிங்’ என்று ஒலிக்கும், தளர்ந்தது ‘தொப்’ என்று மங்கும். இரண்டு மூன்று கம்பிகள் அடுத்தடுத்து மங்கினால் மறுநாள் அதே வேகத்தில் ஓட்டக் கூடாது.

கரிசல் மண்ணில் காற்றை இறக்கியும் சக்கரம் சுற்றுகிறதே?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் மழைக்குப் பிறகு வண்டிப்பாதையில் இறங்கியவர்கள் கேட்கும் கேள்வி இது. கரிசல் நனைந்தால் பசை மாதிரி ஆகிவிடும். அது டயரின் கட்டைகளுக்கு (மேலே துருத்தி நிற்கும் ரப்பர் துண்டுகளுக்கு) நடுவில் புகுந்து நிரம்பிக்கொள்ளும், சக்கரம் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் டயர் மொட்டையாகிவிடும். மொட்டையான டயருக்கு எத்தனை காற்று வைத்தாலும் பிடிப்பு கிடையாது. 22-க்குக் கீழே இறக்கிப் பயனில்லை. மாறாக, கொஞ்சம் வேகமாகச் சுழலும் டயர்தான் மண்ணை உதறித் தள்ளும். எனவே ஒரு கியர் குறைத்து ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடியுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முன் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே கரிசல் அடைத்துக்கொண்டால் சக்கரமே நின்றுவிடும். தாழ்ந்த மட்கார்டு உள்ள வண்டிகளில் இது சாதாரணம். ஒரு குச்சியை எட்டும் இடத்தில் வைத்திருங்கள். உயரமான மட்கார்டு வைத்த வண்டி இந்த மண்ணில் தன் மதிப்பைக் காட்டும்.

செம்மண் சேறு இவ்வளவு கொடியதல்ல. அங்கே மேலே சொன்ன அளவு வேலை செய்யும்.

மணல்?

மணல்தான் காற்றழுத்தத்தின் உண்மையான பரீட்சை. லடாக்கின் நூப்ராவில் ஹுண்டர் மணல்மேடுகள், ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம், நம் ஊரில் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மணல் தேரிகள் எல்லாம் ஒரே பாடத்தைத்தான் சொல்லித் தரும். (தேரிகளில் வனத்துறையின் காப்புக்காடுகளும் உண்டு. அனுமதி இல்லாத இடத்தில் வண்டியை இறக்காதீர்கள். ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் கடற்கரை மணலையும் விட்டுவிடுங்கள்.)

முதலில் பெட்டிகளைக் கழற்றி வையுங்கள். காற்றை 18-க்குக் கொண்டு வாருங்கள். இரண்டாவது கியரில் கிளம்பி, நின்று ஓட்டுங்கள். இடுப்பை ஓரடி பின்னால் தள்ளுங்கள். முன் சக்கரம் இங்குமங்கும் ஆடும். அதை இறுக்கிப் பிடிக்காமல் ஆடவிடுங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் முன் சக்கரம் புதைந்து வண்டி கவிழும். நிறுத்துவதானால் ஆக்சிலரேட்டரை விட்டால் போதும், மணலே நிறுத்திவிடும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் மறுபடி கிளம்புவது எளிது.

பின் சக்கரம் சுழன்று தோண்ட ஆரம்பித்தால் அந்த நொடியே ஆக்சிலரேட்டரை விடுங்கள். கூட முறுக்கினால் செயின் ஸ்ப்ராக்கெட் வரை புதையும். வண்டி தானாக நிற்கும் அளவுக்குப் புதைந்துவிட்டால் தூக்க முயலாதீர்கள். இன்ஜினை அணைத்து, வண்டியை ஒரு பக்கம் மெல்லச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சக்கரம் விட்ட குழியைக் காலால் மணலைத் தள்ளி மூடுங்கள். பிறகு நிமிர்த்தினால் டயர் குழிக்கு மேலே நிற்கும். ரிம் லாக் இருந்தால் இன்னும் 2 இறக்கிக் கிளம்புங்கள்.

18-க்குக் கீழே போகும் வண்டியை 40 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. திடீர்த் திருப்பமும் வேண்டாம். மணல் முடிந்த இடத்தில் தார் தொடங்கும்போது நிறுத்திக் காற்று அடியுங்கள், ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள். 18-இல் தாரில் 70 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் ஓடும் டயர் பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து சூடேறி, உள்ளே நூலிழைகள் பிரியும். வெளியே ஒன்றும் தெரியாது.

டியூப் உள்ள டயரில் எவ்வளவு கீழே போகலாம்? டியூப்லெஸ்ஸில்?

ரிம் லாக் இல்லாத டியூப் டயர் என்றால் 18-உடன் நிறுத்துங்கள். அதற்குக் கீழே டயர் ரிம்மைப் பிடிக்கும் பிடி தளர்ந்து, பிரேக்கிலும் ஆக்சிலரேட்டரிலும் ரிம்மின் மேல் சறுக்கிக்கொண்டே சுற்றும். டியூபும் கூடவே சுற்றும், ஆனால் வால்வு ரிம் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் வால்வு டியூபிலிருந்து வேரோடு பிய்ந்துவிடும். அதை ஒட்ட முடியாது, புது டியூப்தான்.

இதை முன்கூட்டியே பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வால்வின் அடியில் ரிம்மை ஒட்டி ஒரு நட் இருக்கும். பஞ்சர் கடையில் அதை ரிம்மோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். அதைக் கழற்றி மேலே கொண்டுவந்து மூடியோடு சேர்த்து இறுக்குங்கள். இப்போது டயர் சறுக்கினால் வால்வு ஒரு பக்கம் சாயும், கண்ணில் படும். நேராக நிற்க வேண்டிய வால்வு சாய்ந்திருந்தால் காற்றை முழுதும் இறக்கி, டயரைத் தள்ளி நேராக்கி, மறுபடி அடிக்க வேண்டும்.

இரண்டு, வெள்ளைப் பெயின்ட் மார்க்கரால் டயரிலும் ரிம்மிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு போடுங்கள். மாலையில் பாருங்கள். இரண்டு கோடும் ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தால் அன்று வைத்த காற்று அந்தத் தரைக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் குறைவு என்று அர்த்தம். காசில்லாமல் கிடைக்கும் இவ்வளவு நம்பகமான அளவுகோல் வேறு இல்லை.

டியூப்லெஸ்ஸில் வால்வு பிய்வதில்லை. ஆனால் பீட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் டயரின் உள்விளிம்பு ரிம்மிலிருந்து நழுவினால் எல்லாக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். திரும்ப உட்கார வைக்க ஒரு பெரிய கம்ப்ரசர் வேண்டும், கைப்பம்பால் முடியாது. பாறையில் 22-க்கும் மணலில் 18-க்கும் கீழே போகாமல் இருப்பது நல்லது.

லடாக் போகும்போது உயரம் ஏற ஏறக் காற்று கூடும், இறக்க வேண்டும் என்கிறார்களே?

பாதி உண்மை. காற்றழுத்த மானி காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். கடல் மட்டத்தில் வெளி அழுத்தம் 14.7. லடாக்கின் கர்துங் லா கணவாயில், அதாவது 5,359 மீட்டரில், அது ஏறக்குறைய 7.6 மட்டும்தான். ஆகவே டயரின் சூடு மாறாவிட்டால், சென்னையில் 32 காட்டிய டயர் அங்கே 39 காட்டும்.

ஆனால் சூடு மாறும். சென்னையில் 35 டிகிரி, அங்கே 0 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், உயரம் கொடுத்த ஏழில் ஐந்தைக் குளிர் பறித்துக்கொள்கிறது. ஆறிய டயர் 34 அளவில்தான் காட்டும். ஒன்றும் செய்யத் தேவையில்லை.

தவறு நடப்பது இப்படி. வெயிலில் ஏறி, சூடான டயரோடு கணவாயில் நிறுத்தி, மானியில் 39-ஐப் பார்த்துப் பயந்து 32-க்கு இறக்கிவிடுவார்கள். அதே டயர் அதே சூட்டில் சமவெளிக்கு இறங்கினால் 25 காட்டும். அந்த 25-உடன், பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, சண்டிகருக்குப் பிறகு நெடுஞ்சாலையில் 100-இல் பறப்பார்கள். எனவே மேலே எதையும் தொட வேண்டாம். தங்கும் ஊரில், காலையில், ஆறிய டயரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். மலையை விட்டு இறங்கிய மறுநாள் காலையில் கட்டாயம் பாருங்கள்.

கூடவே நினைவில் வைக்க வேண்டியது: லேவில் வெளிக்காற்றே மெலிந்தது. சென்னையில் கால் பம்பை 100 முறை மிதித்தால் ஏறும் காற்றுக்கு லேவில் 150 முறை மிதிக்க வேண்டும். மூச்சு வாங்கும், அவசரப்படாதீர்கள்.

சூடான டயரில் பார்த்தால் எவ்வளவு கூடக் காட்டும்?

10 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 1.5 பி.எஸ்.ஐ. கூடும். காலை 22 டிகிரியில் 30 வைத்த டயர், மதியம் உள்ளே 55 டிகிரி ஆகும்போது 35 காட்டும். இது சரியான ஏற்றம். அதே 30 மதியம் 38, 39 என்று காட்டினால் டயர் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. காலையில் வைத்தது அந்த எடைக்குப் போதவில்லை. அப்போது செய்ய வேண்டியது காற்றை இறக்குவதல்ல, மறுநாள் காலையில் 2 கூட்டுவது. சூட்டில் கூடியதை இறக்கிவிட்டால் டயர் இன்னும் நெளியும், இன்னும் சூடேறும்.

மழையில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடுமா?

தாரில் கூடாது. தண்ணீர் தேங்கிய சாலையில் டயர் தண்ணீரை வெட்டித் தள்ளித் தாரைத் தொட வேண்டும், அதற்கு அழுத்தம் வேண்டும். காற்று குறைந்தால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது. மேனுவல் அளவை வைத்து, வேகத்தைக் குறையுங்கள்.

பாதி தார், பாதி மண் என்று மாறி மாறி வரும் வழியில் ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். நடைமுறையில் அது யாராலும் முடியாது; இரண்டாவது தடவையே விட்டுவிடுவார்கள். ஐந்து கிலோமீட்டருக்குக் குறைந்த மண் சாலை என்றால் தார் அளவிலேயே மெதுவாகப் போய்விடுங்கள். நாள் முழுதும் கலந்து வரும் என்றால் மேனுவல் அளவிலிருந்து 3 இறக்கி, தாரில் 80-ஐத் தாண்டாமல் ஓட்டுங்கள். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மணலோ ஆழச் சேறோ இருந்தால் மட்டும் நிறுத்தி இறக்குங்கள். அங்கே கிடைக்கும் பலன் நின்ற நேரத்துக்கு ஈடாகும்.

கையில் பம்ப் இல்லை என்றால் காற்றை இறக்கவே வேண்டாம். இது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

எந்த பம்ப்?

மூன்று வகை உண்டு. 12 வோல்ட் கம்ப்ரசர் 18-இலிருந்து 32-க்கு ஒரு டயரை மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஏற்றும். அது பத்து ஆம்பியர் வரை இழுக்கலாம், ஆகவே ஹேண்டிலில் உள்ள யூஎஸ்பி சார்ஜரில் மாட்ட முடியாது. பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் பியூஸ் வைத்து ஒரு ஒயர் இழுத்துச் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். காற்று அடிக்கும்போது இன்ஜின் ஓடட்டும். சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் சின்ன இன்ப்ளேட்டர் வசதியானது, ஆனால் லடாக் குளிரில் அதன் பேட்டரி சோர்ந்துவிடும். இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கால் பம்ப் எடை அதிகம், ஆனால் கைவிடாது.

கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை நம்பிக் கிளம்பாதீர்கள். சைக்கிளுக்கு 16 கிராம் குப்பி ஒன்று போதும். பைக்கின் பின் டயருக்கு மூன்று நான்கு வேண்டும்.

பங்க் மானி ஒன்று காட்டுகிறது, என் மானி வேறொன்று காட்டுகிறது. எது சரி?

எது சரி என்பதைவிட, எப்போதும் ஒரே மானியில் பார்ப்பதுதான் முக்கியம். 60 வரை அளக்கும் டயல் மானி ஒன்று வாங்கி அதையே வைத்துக்கொள்ளுங்கள். 150 வரை அளக்கும் மானியில் 18-க்கும் 21-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பங்க்கில் இரண்டு மூன்று அதிகமாக அடிக்கச் சொல்லி, வீட்டில் ஆறிய பிறகு உங்கள் மானியில் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

வண்டியிலேயே டிபிஎம்எஸ் (டயர் அழுத்தத்தைத் திரையில் காட்டும் அமைப்பு) இருந்தால் ஒரு நுணுக்கம். சில வண்டிகள், குறிப்பாக பிஎம்டபிள்யூ, டயர் சூட்டைக் கழித்து 20 டிகிரியில் எவ்வளவு இருக்குமோ அதைத் திரையில் காட்டும். சூடான டயரில் கைமானி வைத்தால் அது கூடுதலாகத்தான் காட்டும். இரண்டும் சரிதான். திரையைப் பார்த்துக் கைமானியில் சரிசெய்யப் போனால்தான் குழப்பம்.

நைட்ரஜன்?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து நிரப்பி, மணலில் இறக்கிவிட்டு, மறுபடி பம்பில் சாதாரணக் காற்றை அடிக்கப் போகிறீர்கள். வேண்டாம்.

கட்டை டயருக்கு மாறினால் அளவு மாறுமா?

கான்டினென்டல் டிகேசி 80 போன்ற பெரிய கட்டைகள் கொண்ட டயரிலும் தாரில் மேனுவல் அளவுதான். கட்டைகள் நெளிவதால் வண்டி கொஞ்சம் மிதப்பதுபோலத் தோன்றும். அதைக் காற்றுக் குறைவு என்று நினைத்துக் கூட அடிக்காதீர்கள், பின் டயரின் நடுக் கட்டைகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். பக்கச் சுவர் கெட்டியான டயர் என்றால் மண்ணில் இன்னும் 2 இறக்கினால்தான் மடங்கும். அது பஞ்சரையும் நன்றாகத் தாங்கும்.

தேய்மானத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பின் டயர் நடுவில் மட்டும் தட்டையானால் காற்று அதிகம், அல்லது நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம். முன் டயரின் கட்டைகள் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து ரம்பம்போல ஆனால் முன்னால் காற்று நெடுநாளாகக் குறைவு. விரலால் முன்னும் பின்னும் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் பிடிக்கும்.

தடத்தில் பின் டியூப் கிழிந்துவிட்டது, மாற்று டியூப் ஒன்றுதான் கொண்டு வந்தேன். எதைக் கொண்டு வந்திருக்க வேண்டும்?

முன் சக்கரத்தின் 21 இஞ்ச் டியூபை. அதைக் கொஞ்சம் மடித்து 17 அல்லது 18 இஞ்ச் பின் டயருக்குள் வைத்துவிடலாம். பின் டியூபை முன்னால் நுழைக்க முடியாது. டால்கம் பவுடர் தடவி, மடிப்பு விழாமல் மெல்ல நுழையுங்கள். முதலில் 5 பி.எஸ்.ஐ. அடித்து, டயரைச் சுற்றிலும் கையால் குத்தி, காற்றை இறக்கி, மறுபடி முழுதாக அடியுங்கள். மடிப்பு இருந்தால் விரிந்துகொள்ளும். டயர் விளிம்பை ஏற்றும்போது லிவரின் (டயரை நெம்பும் கம்பியின்) நுனி டியூபைக் கடிக்கிறதா என்று பாருங்கள், தடத்தில் போட்ட புது டியூபுகளில் பல அந்த இடத்திலேயே கிழிகின்றன. டியூபை உள்ளே வைக்கும் முன் டயரின் உட்புறம் முழுதும் விரலை மெதுவாக ஓட்டி, முதல் பஞ்சரைச் செய்த முள் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். மேனுவல் அளவு அடித்து, 50-ஐத் தாண்டாமல் அடுத்த ஊர் வரை போய், அங்கே சரியான டியூப் வாங்கி மாற்றிவிடுங்கள்.